பழைய கணினியும் யூனிக்ஸின் நினைவுக் கணக்கும்

காரைக்கால்



உன் கடிதம் கிடைத்தது. ஏதோ ஓர் அலுவலகத்தார் கழித்துக் கொடுத்த பெண்டியம் 3 கணினியைப் பட்டினச்சேரிப் படிப்பகத்தில் வைத்து, அதில் டெபியன் லினக்ஸை ஏற்ற நீ முயன்றதையும், நிறுவும் நிரல் பாதிவழியில் நினைவகம் போதவில்லை என்று சொல்லி நின்றுவிட்டதையும், கடைத்தெருவில் விசாரித்தபோது, "128 எம்.பி.யில் இந்தக் காலத்தில் ஒன்றும் ஓடாது தம்பி, எடைக்குப் போட்டுவிடு" என்று கடைக்காரர் தீர்ப்புச் சொல்லியனுப்பியதையும் விவரமாக எழுதியிருந்தாய். எல்லாவற்றுக்கும் கீழே, "யூனிக்ஸ் சின்ன இயந்திரத்தில் பிறந்து வளர்ந்தது என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள், பிறகு ஏன் இப்படி?" என்று ஒரு வரி கேட்டிருந்தாய். அந்த ஒரு வரி என்னை விட்டபாடில்லை. ஆகையால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் சொன்னது அவர் ஒருவருடைய அபிப்பிராயமும் அன்று. கணினிச் சாஸ்திரத்தைக் கல்லூரியில் போதிப்பவர்களிலும் அநேகர், ஓர் இயங்குதளத்துக்கு வேண்டிய நினைவகம் என்று ஒரே ஓர் எண் உண்டென்றும், அதற்கு ஓர் எம்.பி. குறைந்தாலும் இயந்திரம் உபயோகமற்றதென்றும் உறுதியாக நம்புகிறார்கள். கையேட்டில் அச்சிட்ட எண்ணைக் கண்டவுடன் கும்பிட்டுவிட்டு நகர்கிறார்களே தவிர, அது எந்த வேளைக்கான எண், எந்தக் காரியத்துக்கான எண் என்று கேட்பதில்லை. இந்த அசட்டையினால்தான் நல்ல இயந்திரங்கள் பழைய இரும்போடு இரும்பாகப் போகின்றன. ஓர் இயங்குதளத்தை ஹார்டு டிஸ்கில் நிறுவும் வேளையில் ஆகும் நினைவகம் ஒன்று. நிறுவி முடிந்தபின் அது தன் பாட்டுக்கு இயங்க ஆகும் நினைவகம் மற்றொன்று. அதன்மேல் நீ செய்ய விரும்பும் வேலைக்கு ஆகும் நினைவகம் வேறொன்று. இம்மூன்றும் தனித்தனியே ஏறவும் இறங்கவும் கூடியவை. இவற்றுள் முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும் என்பதைத்தான் ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை.

இதற்கு நான் விரும்பி எடுத்தாளும் உதாரணம் ஒன்று உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் கிளையிலிருந்து தோன்றிய ஃப்ரீபி.எஸ்.டி.யை நீ அறிவாய். அதன் பதிப்புகளுள் 4 எம்.பி. நினைவகம் மட்டுமே உள்ள இயந்திரத்தில் நிறுவத்தக்க கடைசிப் பதிப்பு, 1997-இல் வந்த 2.1.7. அதே ஆண்டில் அதை அடுத்து வந்த 2.2 என்ற பதிப்பை நிறுவ 5 எம்.பி. இருந்தால்தான் ஆயிற்று. இந்த இடத்தில் நம்மவர்கள், "பார்த்தீர்களா, 2.2-க்கு 5 எம்.பி. வேண்டும்" என்று எழுதிவைத்துக்கொள்வார்கள். விஷயம் அப்படியல்லவே! ஒருமுறை நிறுவிவிட்டால் 2.2 மட்டுமன்றி, அதற்கும் பின்னால் வந்த 3.0-வும் அதே 4 எம்.பி.யில் ஓடியது, அந்த 4 எம்.பி.யில் ஓட மறுத்தது நிறுவும் நிரல் ஒன்றே. அத்திட்டத்தை நடத்தியவர்கள் இதைத் தெளிவாக எழுதிவைத்ததோடு, வழியும் இரண்டு சொன்னார்கள்: நிறுவும் நேரத்துக்கு மட்டும் எங்கிருந்தாவது ஒரு ராம் அட்டையை இரவல் வாங்கிச் செருகிக்கொண்டு, காரியம் முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிடலாம், அல்லது ஹார்டு டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போய் நினைவகம் அதிகமுள்ள வேறோர் இயந்திரத்தில் மாட்டி, அங்கே நிறுவிக்கொண்டு, திரும்பவும் பழைய இடத்தில் பூட்டிவிடலாம்.

ஏன் இப்படி நேர்கிறது என்பதை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிறுவி முடித்த யூனிக்ஸ், ஹார்டு டிஸ்கில் குடியிருக்கிறது. இயங்குதளத்தின் கருவான கெர்னல் மட்டும் நினைவகத்தில் நிலையாக அமர்ந்துகொண்டு, மற்ற நிரல்களை வேண்டும்போது, வேண்டும் பக்கங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, வேண்டாதபோது கைவிட்டுவிடும். இடம் நெருக்கினால் சற்றுநேரம் வேலையில்லாதிருக்கும் பக்கங்களை டிஸ்கிலுள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளிவிட்டு மேலே நடக்கும். நிறுவும் நிரலுக்கோ அந்த வசதிகளில் எதுவும் கிடையாது. அது விழித்தெழும் வேளையில் ஹார்டு டிஸ்க் வெறுமையாகவோ வேறொருவர் கோப்புகளோடோ கிடக்கிறது. பகிர்வுகளாகப் பிரிக்கப்படாத டிஸ்கில் ஸ்வாப்புக்கு இடமேது? ஆகவே அந்த நிரல், தான் வந்த ஃப்ளாப்பியிலிருந்தோ குறுவட்டிலிருந்தோ ஒரு சிறு கோப்பமைப்பை முழுமையாக நினைவகத்திலேயே விரித்து, அதையே தன் டிஸ்காகப் பாவித்துக்கொண்டு, அதற்குள்ளிருந்தே வேலை செய்கிறது. டிஸ்கைப் பகிர்வுகளாகப் பிரிக்கும் கருவி, வலையோடு பேசும் கருவி, சுருக்கிய கோப்புகளை விரிக்கும் கருவி, இன்ன இயந்திரத்துக்குப் போகிறோம் என்று தெரியாததால் எல்லா இயந்திரங்களுக்குமான சாதன இயக்கிகள் ஆகிய எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, அவற்றில் ஒரு பைட்டைக்கூட வெளியே இறக்கிவைக்க வழியில்லாமல் நிற்கிற நிரல் அது. 1.44 எம்.பி. கொள்ளும் ஃப்ளாப்பிக்குள் இவை அனைத்தையும் அடைப்பதற்காக அக்காலத்தவர்கள் தனித்தனிக் கட்டளை நிரல்கள் பலவற்றை ஒரே நிரலாகப் பின்னிப் பொதுவான பகுதிகளை ஒருமுறை மட்டுமே வைத்தார்கள் என்றால், அவர்கள் பட்ட சிரமத்தை நீயே ஊகித்துக்கொள். உங்கள் கரையில் படகை அலை தாண்டித் தள்ளிவிடத் தோள் கொடுப்பவர்கள் அத்தனை பேரும் படகில் ஏறிக்கொண்டு கடலுக்குப் போவதில்லை அல்லவா? நிறுவும் வேளைக்கு ஆகும் நினைவகமும் அத்தகையதே.

அந்த 4 எம்.பி. கணக்கிலேயே இன்னொரு நுட்பமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 4 எம்.பி. என்றால் 4096 கே.பி. ஆனால் அக்காலத்து இயந்திரங்கள் பலவற்றில், மின்சாரம் கொடுத்ததும் பயாஸ் ஓட்டிக்காட்டும் எண்ணிக்கை 640-உம் அதன்மேல் 3072-உமாக 3712 கே.பி.யிலேயே நின்றுவிடும். மீதி 384 கே.பி. எங்கே? 640 கே.பி.க்கும் 1 எம்.பி.க்கும் இடைப்பட்ட முகவரிகள், ஆதி ஐ.பி.எம். இயந்திரத்தின் ஏற்பாட்டின்படி, திரை அட்டைக்கும் பயாஸுக்கும் ஒதுக்கப்பட்டவை. அங்கே சில்லு இருந்தாலும் அது நிரல்களின் கைக்கு எட்டாது. சில மதர்போர்டுகள் அந்த இடைத்துண்டை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துத் தரும், சில தரமாட்டா. தராத இயந்திரத்தில் 2.1.7-உம் நிறுவப்படாமல் நின்றது. அட்டையில் 4 என்று அச்சிட்டிருக்கிறது, கையேட்டில் 4 என்று எழுதியிருக்கிறது, இரண்டும் பொருந்தவில்லை. ஆகையால்தான் மாணவர்களுக்கு நான் சொல்வது: அட்டையில் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்து நினைவகம் இவ்வளவு என்று எழுதாதே, இயந்திரம் தானே எண்ணிச் சொல்லும் எண்ணைப் பார்த்து எழுது. நீயும் "128 எம்.பி." என்று மட்டும் எழுதியிருக்கிறாயே தவிர, பயாஸ் காட்டிய எண் என்ன என்று எழுதவில்லை. உன் மதர்போர்டு இன்டெல் 810 வகையைச் சேர்ந்ததானால், தனித் திரை அட்டை இல்லாத அந்த வகை, திரைக்கு வேண்டிய இடத்தையும் முதன்மை நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் "போதவில்லை" என்று எழுதுவது மாணவனுக்கு அழகன்று.

இனி, யூனிக்ஸ் சின்ன இயந்திரத்தில் வளர்ந்ததா என்ற உன் கேள்விக்கு வருகிறேன். 1969-இல் கென் தாம்ப்ஸன் பெல் ஆய்வகத்தில் அதை முதன்முதலாக எழுதிய பி.டி.பி.-7 இயந்திரத்தில் பதினெட்டு பிட் கொண்ட சொற்கள் எட்டாயிரத்துச் சொச்சமே இருந்தன. பின்னர் வாங்கிய பி.டி.பி.-11/20-இல் மொத்தம் 24 கே.பி.; அதில் 16 கே.பி.யை இயங்குதளம் எடுத்துக்கொள்ள, மீதி 8 கே.பி.யில் பயனாளரின் நிரல்கள் ஓடின. ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவினர் தங்கள் விண்ணப்பங்களைத் தட்டச்சிட்டது அந்த இயந்திரத்தில்தான். 1974-இல் தாம்ப்ஸனும் அவருடைய சகா ரிட்சியும் சேர்ந்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தங்கள் பி.டி.பி.-11/45-இல் 144 கே.பி. இருப்பதாகவும், யூனிக்ஸ் அதில் 42 கே.பி.யைப் பிடிப்பதாகவும் குறிப்பிட்டுவிட்டு, சிக்கனமாக அமைத்தால் எல்லாம் சேர்த்து 50 கே.பி.யிலும் ஓட்டலாம் என்றார்கள். நான்கே ஆண்டுகளில், 1978-இல் அக்கட்டுரையைத் திருத்தி வெளியிட்டபோது அந்த 50 கே.பி. 96 கே.பி.யாக வளர்ந்துவிட்டிருந்தது. பெரியவர்கள் கையிலேயே அந்த எண் அப்படி வளர்ந்ததென்றால், பிற்காலத்தவர் கையில் ஊதிப்போனதில் ஆச்சரியமில்லை.

இந்த இடத்தில் நான் படித்த புத்தகங்களைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதி கொடு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஜான் லயன்ஸ் என்பவர், ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் கெர்னல் மூலநிரலை அச்சிட்டு, அதற்கு 1977-இல் உரையும் எழுதினார். பத்தாயிரம் வரிகளுக்கு உட்பட்ட அந்த நிரலை ஒரு மாணவன் ஒரு பருவத்தில் முழுமையாகப் படித்துவிட முடியும் என்பதே அவர் கருத்து. உரிமைத் தடைகளால் அது முறையாகப் புத்தகமாக வெளிவர 1996 ஆயிற்று. அதற்குள் உலகமெங்கும் நகலுக்கு நகல் எடுத்து, எழுத்து மங்கிய தாள்களிலேயே ஒரு தலைமுறை அதைப் படித்துத் தீர்த்தது. இன்று நம் பிள்ளைகள் ஓர் இயங்குதளத்தின் மூலநிரலில் ஒரு பக்கத்தையாவது நிதானமாகப் படித்திருக்கிறார்களா? தேர்வுக்கு வினா விடைகளை உருப்போட்டால் போதுமென்று இருக்கிறார்கள். மாரிஸ் பாக் 1986-இல் எழுதிய யூனிக்ஸ் வடிவமைப்பு நூல் மலிவுப் பதிப்பாக நம் நாட்டிலேயே கிடைத்துவந்தது. அதில் நினைவக நிர்வாகம் பற்றிய அத்தியாயத்தை மட்டுமாவது நீ படித்தாக வேண்டும். முதலில் யூனிக்ஸ் ஒரு நிரலை முழுதாக வெளியே தள்ளி, மற்றொன்றை முழுதாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது என்பதும், 1979-இல் பெர்க்லியின் 3பி.எஸ்.டி. பதிப்பு வாக்ஸ் இயந்திரத்தில் பக்கம் பக்கமாக மாற்றும் முறையைக் கொண்டுவந்தது என்பதும், சிறிய நினைவகத்தில் பெரிய நிரல் ஓடும் ரகசியம் அங்கேதான் இருக்கிறது என்பதும் அந்த அத்தியாயத்தைப் படித்தால் விளங்கும்.

லினக்ஸிலும் இதே கதைதான். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னலில் முதலில் ஸ்வாப் கிடையாது. 2 எம்.பி. மட்டுமே வைத்திருந்த ஜெர்மானியர் ஒருவர், தம் இயந்திரத்தில் கெர்னலையே தொகுக்க முடியவில்லை என்று முறையிட, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து டிஸ்குக்குப் பக்கம் மாற்றும் பகுதியை லினஸ் எழுதி முடித்தார். 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் அது சேர்ந்தது. நினைவகம் குறைந்த ஒருவருடைய முறையீட்டுக்குக் காது கொடுத்ததால் உலகம் முழுவதற்கும் கிடைத்த நன்மை அது. நம் ஊர்க் கடைக்காரர் போல, "2 எம்.பி.யில் ஒன்றும் ஓடாது" என்று லினஸும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

நம் தேசத்துச் சரித்திரமும் இதற்கு விரோதமானதன்று. வங்கிகளில் இயந்திரங்களைப் புகுத்துவது குறித்து டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1984-இல் அறிக்கை கொடுத்தபின், வங்கிக் கிளைகளில் யூனிக்ஸ் பரவலாகப் புகுந்தது. தொண்ணூறுகளில் 386, 486 வகை இயந்திரம் ஒன்றை உள்ளறையில் வைத்து, கவுண்டருக்கு ஒன்றாகத் தனித்திறன் இல்லாத முனையங்களைக் கம்பியால் இணைத்து, வாடிக்கையாளர் அத்தனை பேருடைய கணக்கையும் அதில் நடத்தினார்கள். பச்சை எழுத்து மின்னும் அந்தத் திரைகளுக்குப் பின்னால் இருந்த நினைவகம் இன்று உன் கையிலிருக்கும் பெண்டியம் 3-இன் நினைவகத்தில் சிறுபங்கே. ஒரு கிளையின் வரவு செலவை நடத்திய அளவு நினைவகத்தைப்போல் பலமடங்கு கைவசம் இருக்க, ஒரு படிப்பகத்துப் பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் அது போதாது என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

ஆனால் நியாயமாகப் பேசவேண்டும். வங்கிக் கணக்கு ஆங்கில எழுத்தில் நடந்தது. உன் படிப்பகத்துப் பிள்ளைகளுக்கோ தமிழ் வேண்டும். மேல்நாட்டார் எழுதும் கையேடுகளில் காணப்படும் குறைந்தபட்ச நினைவகம் நமக்குக் குறைந்தபட்சம் ஆவதில்லை என்பது என் நெடுநாளைய கட்சி. காரணத்தைக் கேள். கணினியின் எழுத்துத் திரையில் ஒரு நேரத்தில் 256, மிஞ்சினால் 512 வடிவங்களைத்தான் வைக்கமுடியும். ஒவ்வொரு வடிவமும் ஒரே அகலமுள்ள சிறு கட்டத்துக்குள் அடங்கவேண்டும். நம் எழுத்துகள் இருநூற்று நாற்பத்தேழு ஆகையால் எண்ணிக்கையில் இடிக்காதென்று தோன்றும். ஆயினும் "கி" என்பதும் "ணௌ" என்பதும் ஒரே அகலத்தில் அடங்குமா? அன்றியும், யூனிகோடு முறையில் "கொ" என்ற எழுத்து மெய்யாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்துச் சேமிக்கப்பட்டு, திரையில் காட்டும்போது குறியின் ஒரு பாதி முன்னும் மறுபாதி பின்னுமாக அமர்த்தப்படவேண்டியிருக்கிறது. அந்த வேலையை எழுத்துத் திரை செய்யாது. அதற்கு வரைகலைத் திரையும், எழுத்துருவும், பேங்கோ போன்ற எழுத்தடுக்கும் நூலகமும் வேண்டும். அவ்வளவும் நினைவகத்தில் ஏறி உட்காரும். யூனிகோடு பரவுமுன் தமிழார்வலர்கள் கூடி வகுத்த டிஸ்கி என்ற எட்டு பிட் குறியேற்றம் இந்தச் சுமையைப் பெரிதும் தவிர்த்தது. எழுத்தின் துண்டுகளை அப்படியே இட்ட முறையில் வைத்ததால் அடுக்கும் நூலகமே தேவைப்படவில்லை. அதைப் பாராட்டாமல் இருக்கமுடியாது, எனினும் இன்று அதற்குத் திரும்பிப்போகச் சொல்லமாட்டேன். பிள்ளைகள் எழுதுவது உலகம் முழுதும் படிக்கத்தக்கதாக இருக்கவேண்டும்.

இந்தப் பாரம் முதலில் எங்கே விழுகிறது பார். டெபியனின் நிறுவும் நிரல் தமிழிலும் பேசும். ஆனால் 2007-இல் எட்ச் பதிப்போடு வந்த வரைகலை நிறுவியில்தான் அது சாத்தியமாயிற்று, எழுத்துத் திரை நிறுவியில் மேற்சொன்ன காரணத்தால் இயலாது. வரைகலை நிறுவிக்கு நினைவகம் அதிகம் வேண்டும். நினைவகம் குறைந்திருப்பதைக் கண்டால் அதே நிறுவி சிக்கன முறைக்கு மாறிக்கொண்டு, முதல் காரியமாக மொழிபெயர்ப்புகளைக் கீழே போட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசும். ஆக, ஏழை இயந்திரத்தை வைத்திருக்கிற தமிழ்ப் பிள்ளைக்கே முதலில் தமிழ் மறுக்கப்படுகிறது. நீ தமிழில் நிறுவும் ஆசையோடு வரைகலை நிறுவியைத் தேர்ந்தெடுத்தாய் என்று உன் கடிதத்தின் நடுவில் ஒரு வரியில் எழுதியிருக்கிறாயே, உன் இயந்திரம் நின்றுபோனதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. உன் ஆசை நல்ல ஆசை. அதை நிறுவும் வேளையில் ஒத்திவைத்து, நிறுவிய பிறகு நிறைவேற்றிக்கொள்வதே இப்போது புத்தி.

நாகூரிலிருக்கும் உன் அத்தை மகன், "என் மடிக்கணினியில் லினக்ஸ் ஒரு தொல்லையும் தரவில்லையே" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். 2011-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் ஏற்றியே கொடுத்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை ஆதாரமாகக் கொண்டு ஆக்கியது. ஏற்றிவைத்த இயந்திரம் கைக்கு வந்ததால், நிறுவும் நிரலை அவன் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டான். அவனுடைய அனுபவத்தை வைத்து உன் இயந்திரத்தை எடைபோடாதே.

கையேடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெபியனின் கையேடு, நினைவகத்துக்குக் குறைந்தபட்சம், பரிந்துரை என்று இரண்டு எண்களைப் பட்டியலிட்டுவிட்டு, உண்மையான குறைந்தபட்சம் இவற்றைவிட வெகு குறைவு என்று உடனேயே ஒப்புக்கொள்கிறது. பட்டியலைப் படிக்கிறவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை. மாறாக, இயங்கும் வேளையிலேயே திடீரென்று நினைவகம் கேட்கும் இயங்குதளங்களும் உண்டு: ஓபன்பி.எஸ்.டி. 2017-இல் வந்த 6.2 முதல், பாதுகாப்பின் பொருட்டு ஒவ்வொரு துவக்கத்திலும் அடுத்த துவக்கத்துக்கான கெர்னலைப் புதிதாக இணைத்து வைக்கிறது. அந்த இணைப்பு வேலை நினைவகம் குறைந்த இயந்திரத்தை வெகுநேரம் திணறவைக்கும். அதனால்தான் ஒரே எண்ணைக் கேட்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ராம் அட்டையின் இரு முனையிலுமுள்ள கொக்கிகளை விலக்கி அட்டையை வெளியே எடு. கடற்கரையில் உப்புக்காற்று பட்ட இயந்திரம் அது; அட்டையின் அடியோரத்தில் வரிசையாக உள்ள தொடுமுனைகளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாயானால், பொன்னிறமாக இருக்கவேண்டியவை மங்கிக் கறைபடிந்திருப்பது தெரியும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, கொக்கி தானே விழும்வரை நேராக அழுத்திச் செருகு. இரண்டு ஸ்லாட்டுகளில் இரண்டு அட்டைகள் இருந்து, ஒன்று தொடர்பறுந்து நிற்பதை இவ்வாறு கண்டுபிடித்தவர்கள் பலர். பழைய கடைகளில் 256 எம்.பி. அட்டை கிடைத்தால் வாங்கலாம். உன் மதர்போர்டு 440பி.எக்ஸ். வகையானால் மட்டும் எச்சரிக்கை தேவை: ஒரே பக்கத்தில் எட்டுச் சில்லுகள் உள்ள அடர்த்தியான அட்டையை அது பாதியாகத்தான் எண்ணும், பதினாறு சில்லுகள் உள்ளதைக் கேட்டு வாங்கு.

அட்டை கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கொண்டுபோய், ஐ.டி.இ. கேபிளை ஏற்கும் பெரிய இயந்திரமொன்றில் மாட்டி அங்கே நிறுவிவிடு. கேபிளின் சிவப்புக் கோடு முதல் முனைப் பக்கம் இருக்கவேண்டும், பின்புறத்து ஜம்பரை மாஸ்டரில் வை. திரும்பக் கொண்டுவந்து மாட்டும்போது டிஸ்கின் பெயர் மாறிப்போனதால் துவங்காமல் நிற்பது வழக்கமான தொல்லை, ஆகையால் டிஸ்க் பகிர்வுகளைக் குறித்துவைக்கும் எஃப்.எஸ்.டேப் கோப்பில் பெயரால் எழுதாமல் தனியடையாள எண்ணால் எழுது. பழைய பயாஸ் பெரிய டிஸ்கின் தொடக்கப்பகுதியைத் தாண்டிப் படிக்கத் தெரியாமல் விழிக்கக்கூடும்; கெர்னல் இருக்கும் பகிர்வை டிஸ்கின் தொடக்கத்திலேயே சிறியதாக வைத்துவிடு. ஸ்வாப்புக்கு நினைவகத்தைப்போல் இருமடங்கேனும் ஒதுக்கு.

எந்த இயங்குதளம் என்று கேட்டிருந்தாய். டெபியனில் இத்தகைய இயந்திரத்துக்கு நிறுவும் நிரலோடு வந்த கடைசிப் பதிப்பு 12. அடுத்த 13-இல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. என் வாக்கு நெட்பி.எஸ்.டி.க்கே. 2024-இல் வந்த அதன் 10-ஆம் பதிப்பும் பழைய இயந்திரங்களைக் கைவிடவில்லை. உன்னிடமுள்ள 128 எம்.பி. அதற்குத் தாராளம், டிஸ்கைக் கழற்றாமலே நிறுவிக்கொள்ளவும் கூடும். அதன்மேல் இலேசான சாளர நிர்வாகி ஒன்றும், தமிழ் எழுத்துரு ஒன்றும், பேங்கோவை நம்பிய சிறிய எழுதுகருவி ஒன்றும் போட்டால் பிள்ளைகள் தமிழில் எழுதலாம், நூல்களைக் கோப்பாக வைத்துப் படிக்கலாம். இன்றைய ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் ஓடாது. அதற்கு நினைவகத்தைக் காரணம் சொல்லாதே, எத்தனை எம்.பி. சேர்த்தாலும் ஓடாது. 2000-இல் பெண்டியம் 4-ஓடு வந்த எஸ்.எஸ்.இ.2 என்ற கட்டளைத் தொகுதியை அது எதிர்பார்க்கிறது, உன் பெண்டியம் 3-இல் அது இல்லை. இணையத்துக்குக் கைபேசி இருக்கிறது. அதில் இறக்கியதைப் பென் டிரைவில் கொண்டுவந்து படித்துக்கொள்ளட்டும்.

டிஸ்கைக் கழற்றுவதாக முடிவு செய்தால் இங்கே வீட்டுக்கே எடுத்துவா, ஐ.டி.இ. கேபிளும், மாட்டத்தக்க இயந்திரமும் என்னிடம் உள்ளன. வருமுன் அட்டையைத் துடைத்து மாட்டி, பயாஸ் திரையில் எண்ணிக்கை ஓடி எந்த எண்ணில் நிற்கிறதோ அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் ஆசிரியன்